ஆடி கழியட்டும்

முந்த முடியாது. நடுவில் இரட்டை மஞ்சள் கோடு, முன்னால் ஏற்றம், ஏற்றத்துக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறதென்று கடவுளுக்குத்தான் தெரியும். நான் ஓட்டுவதோ காரில்லை, வாடகைக்கு எடுத்த ஆர்.வி., அடுப்பும் கட்டிலும் கக்கூஸும் உள்ளே வைத்த முப்பதடி வீடு. பிரேக்கை மிதித்தால் அலமாரிக்குள் இருக்கிற தட்டும் டம்ளரும் ஒருமுறை முன்னால் வந்து கும்பிட்டுவிட்டுத்தான் நிற்கின்றன. எனக்கு முன்னால் ஓர் ஆமிஷ் குதிரை வண்டி. காரும் கரண்டும் வேண்டாமென்று இந்த ஒஹாயோ மலைச் சரிவுகளில் தலைமுறை தலைமுறையாக இப்படியே வாழ்கிறவர்கள், அவர்களுக்கு என்ன அவசரம், குதிரை தலையை ஆட்டி ஆட்டித் தன்பாட்டுக்கு நடக்கிறது. வண்டியின் பின்பக்கம் திறந்திருக்கிறது. அதில் மூன்று பிள்ளைகள் எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள், பெரியவள் மடியில் ஒரு கைக்குழந்தை, வெள்ளைக் குல்லாய் போட்டது. மூன்று பேரும் என்னையே பார்க்கிறார்கள். சிரிக்கவில்லை, கையாட்டவில்லை, சும்மா பார்க்கிறார்கள். நான் எங்கே பார்ப்பது? கண்ணை எடுத்தால் எங்கள் வண்டி அவர்கள்மேல் போய்விடும். ஆகவே நானும் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஹாரனைத் தொட வேண்டாம், குதிரை மிரண்டுவிடும் என்கிறார் இவர், பக்கத்து சீட்டில் இருந்து. இவர் பூபதி, என் வீட்டுக்காரர். முதல் நாளே கேம்ப் கிரவுண்ட் கம்பத்தில் மோதிப் பக்கக் கண்ணாடியை உடைத்துவிட்டு என்னிடம் சாவியைக் கொடுத்தவர், இப்போது யோசனை சொல்கிறார். நான் ஹாரனைத் தொடவில்லையே, தொட வேண்டுமென்று நினைக்கக்கூட இல்லையே.

நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றாள் ஆஸ்பத்திரி நர்ஸ். வெள்ளிக்கிழமை மத்தியானம், ஆபீஸ் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து ஃபோனில் பேசினேன், கதவைச் சாத்திக்கொண்டு, ஏசி கூடப் போடாமல். நிச்சயமாகத்தானா என்று கேட்டாள். நிச்சயம் என்றேன். யோசிக்க நேரம் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். எவ்வளவு கறாராகச் சொன்னேன், பால்காரரிடம் நாளை முதல் பால் வேண்டாம் என்று சொல்கிற மாதிரி. உங்கள் கணவர் போன வாரமே சம்மதம் சொல்லிவிட்டார், உங்கள் வார்த்தைக்குத்தான் காத்திருந்தோம், இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நல்ல வார்த்தைதான் அது. கல்யாண வீட்டில் சமையல்காரர் சொல்கிற வார்த்தை, நீங்கள் போய் உட்காருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஆனால் எப்போது பார்த்துக்கொள்வார்கள்? அதை நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம், அதற்குப் பிறகு சனி, ஞாயிறு, இன்று திங்கள் லேபர் டே விடுமுறை. கிளம்புகிற அவசரத்தில் அப்படியே விட்டுவிட்டுப் போயிருப்பாளா, இல்லை, மேஜையைத் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன் என்கிற சாதியா அவள்? நான் அந்தச் சாதி. பாக்கி வைத்துவிட்டுப் போனால் எனக்குத் தூக்கம் வராது. எதிரில் இருப்பவளாவது சோம்பேறியாக இருக்க வேண்டுமே. முகம் தெரியாத ஒருத்தியின் சோம்பேறித்தனத்துக்காக மூன்று நாளாக வேண்டிக்கொள்கிறேன். இப்படி ஒரு வேண்டுதலை எந்தச் சாமியிடம் வைப்பது?

ஒரே ஒரு கருதான் அது. கண்ணாடிக் குழாயில் உறைய வைத்திருந்தது. டாக்டர் முதலில் இரண்டு கருவை உண்டாக்கினார். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒன்றை என் வயிற்றில் வைத்தார்கள், தங்கவில்லை. மற்றது குளிர்பெட்டியிலேயே இருந்தது. முதலில் வைத்ததையாவது ஒழுங்கான காலத்தில் வைத்திருக்க வேண்டும். டாக்டர் ஜூலைக் கடைசி என்றார், உடம்பு இப்போது நன்றாகத் தயாராக இருக்கிறது, ரத்தப் பரிசோதனை எல்லாம் பிரமாதம் என்றார். மறுநாள் ராத்திரி சாப்பாட்டின்போது இவர் தட்டைப் பார்த்தபடி சொன்னார், அம்மா வேண்டாங்கறாங்க கோகிலா, ஆடி கழியட்டும்னு சொல்றாங்க. எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆடியில் புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பி வைப்பது எதற்கென்று எனக்குத் தெரியாதா, சித்திரை வெயிலில் பிள்ளை பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பிள்ளை சேர்ந்ததோ ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில், வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் சேர்த்து வைத்தார். கிண்ணத்துக்குமா ஆடி? கேட்டிருக்கலாம். ஃபோனை எடுத்து அத்தையிடமே கேட்டிருக்கலாம், ஏனுங்க அத்தை, இது என்னங்க நியாயம் என்று. கேட்கவில்லை. பெரியவங்க மனசு நோகக் கூடாது என்று பெருந்தன்மையாக விட்டேன், பெருந்தன்மையா அது, ரோஷம். இரண்டு பேரும் கம்ப்யூட்டர் படித்தவர்கள், கொலம்பஸில் சொந்த வீடு, ஆடி கழியக் காத்திருந்தோம். ஆவணியில் வைத்தார்கள். பத்து நாளில் முடிந்துபோனது. ஆடியில் வைத்திருந்தால் மட்டும் தங்கியிருக்குமா? யாருக்குத் தெரியும். டாக்டருக்கே தெரியாது.

ஏற்றம் முடிந்து இறக்கம் வருகிறது. இறக்கம் இன்னும் மோசம். வண்டி தன் கனத்தாலேயே முன்னால் போகப் பார்க்கிறது, நான் பிரேக்கில் நிற்கிறேன், ரப்பர் கருகுகிற வாசனை லேசாக வருகிறதோ, இல்லை, காலையில் அத்தை தாளித்ததா? பின்னால் சாப்பாட்டு மேஜை ஓரம் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் அத்தை, நாச்சம்மாள், இவர் ஊர் கோபியிலிருந்து வந்து இரண்டு வாரமாகிறது. வண்டி ஆடும்போதெல்லாம் முருகா என்கிறார். இந்தச் சுற்றுலாவே அவருக்காகத்தான், அம்மாவுக்கு நாலு இடம் காட்டலாம் என்று இவர் கிளப்பியது. இந்த வண்டியில் ஏறிய முதல் நாளே கதவைத் திறந்து பார்த்துவிட்டு அடுப்புக்குப் பக்கத்துலயே கக்கூஸா, நல்லா இருக்குது உங்க ஊரு என்று அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை, ராத்திரியானாலும் இவரை எழுப்பிக்கொண்டு டார்ச்சோடு பொதுக் குளியலறைக்குத்தான் போனார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தவரும் அவர்தான். பக்கத்து வண்டி வெள்ளைக்காரர் நசுங்கிய எலுமிச்சம்பழத்தைப் பார்த்துவிட்டு எங்களிடம் ஒரு குப்பைப் பை கொண்டுவந்து கொடுத்தார், பாவம். இதையெல்லாம் வேறு யாராவது சொல்லியிருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அத்தை சொன்னபோது சிரிக்கவில்லை. ஆறு வருஷமாக அவர் சொல்வதற்கு நான் சிரிப்பதில்லை. இதற்கு முன் ஒருதடவை வந்து நான்கு மாதம் இருந்தார். நேரத்துக்குக் காபி, நேரத்துக்கு மாத்திரை, வெந்நீர், எதிலும் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. பேச்சு மட்டும் கிடையாது. கேட்டதற்குச் சரிங்க அத்தை, இல்லைங்க அத்தை. அவருக்கு ஏதாவது வேண்டுமென்றால் மகனிடம் சொல்வார், மகன் என்னிடம் சொல்வார். எனக்கு ஏதாவது என்றால் இவரிடம் சொல்வேன், இவர் அம்மாவிடம் சொல்வார். ஒரே வீட்டில் இரண்டு பெண்கள், நடுவில் இவர் தபால்காரர். எல்லார் வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

இடது பக்கம் ஒரு பண்ணை வீடு. திங்கட்கிழமை இவர்களுக்குத் துணி துவைக்கிற நாளாம், விடுமுறையாவது ஒன்றாவது, வீட்டிலிருந்து களஞ்சியக் கூரை வரைக்கும் கயிறு கட்டித் துணி பறக்கிறது. பெரிய கறுப்புக் கால்சட்டை, அதைவிடச் சின்னது, அதைவிடச் சின்னது, கடைசியில் என் கையகலத்தில் ஒன்று. யாரோ அளவு பார்த்து வரிசையாகப் போட்டிருக்கிறாள். எண்ணாதே கோகிலா, ரோட்டைப் பார். நேற்றும் இப்படித்தான், கேம்ப்பில் சாயங்காலம் எல்லா வண்டிக்கு முன்னாலும் நெருப்பு போட்டிருந்தார்கள், குழந்தைகள் சைக்கிளில் சுற்றிச் சுற்றி வந்தன, எங்கள் வண்டிக்கு முன்னால் மூன்று மடக்கு நாற்காலி, மூன்று பெரியவர்கள், நடுவில் ஒரு மூட்டை விறகு. இவர் நெருப்பைப் பற்ற வைக்கப் படாத பாடு பட்டார். அத்தை கையை நீட்டித் தீப்பெட்டியை வாங்கினார், ஒரே குச்சி, பிடித்துக்கொண்டது. அப்போது என்னைப் பார்த்தார். நான் நன்றாக இருக்குதுங்க அத்தை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஃபோனை எடுத்துப் பார்த்தேன். சிக்னல் இல்லை. இந்தப் பள்ளத்தாக்கில் மூன்று நாளாக சிக்னல் இல்லை, இருந்தாலும் விடுமுறையில் யாரைக் கூப்பிடுவது, கூப்பிட்டு என்ன சொல்வது? வெள்ளிக்கிழமை நிச்சயம் என்ற வாயால் என்ன சொல்வது?

ஏன் ஆறு வருஷம் சும்மா வைத்திருந்தாய் என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறது, ஆனால் வெளியே சொல்ல வெட்கம். முதலில் கர்ப்பப்பையில் கட்டி, அதை எடுத்தார்கள். பிறகு கொரோனா. பிறகு இவருக்கு வேலை போய் வேறு வேலை. எல்லாம் உண்மை, எல்லாம் சாக்கு. நிஜம் என்னவென்றால், வைத்திருப்பதே எனக்குப் போதுமாக இருந்தது. அதையும் வைத்து அதுவும் தங்காமல் போனால் எனக்கு அப்புறம் எதுவும் இல்லை. குளிர்பெட்டியில் இருக்கிற வரைக்கும் இருக்கிறது. ஆபீஸில் யாருக்காவது வளைகாப்பு, கேக் வெட்டுகிறார்கள், கைதட்டுகிறேன், மனசுக்குள் எனக்கும் ஒன்று இருக்கிறது என்று சொல்லிக்கொள்வேன். கார் ஓட்டும்போது அந்த ஆஸ்பத்திரி இருக்கிற தெரு வந்தால் வேகத்தைக் குறைப்பேன், அங்கே தூங்குகிற ஒன்றை எழுப்பிவிடக் கூடாது என்பது மாதிரி. பைத்தியக்காரத்தனம். எனக்கு நாற்பத்தைந்து ஆகப்போகிறது, அதற்குமேல் ஆஸ்பத்திரியில் கருவை வயிற்றில் வைக்க மாட்டார்கள், அழித்துவிடட்டுமா, என்ன செய்யட்டும் என்று கேட்டார்கள். இவர் விட்டுடலாம் கோகிலா என்றார். நான் பதில் சொல்லாமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை ராத்திரி படுக்கையில், விளக்கை அணைத்த பிறகு, அம்மாவுக்கும் இதுல இஷ்டமில்ல, போதும் விட்டுடுங்கன்னு சொல்லிட்டாங்க என்றார். அதுதான். அந்த ஒரு வார்த்தை. மறுபடியும் அத்தையா, என் வயிற்றைப் பற்றி முடிவு செய்ய இவர் யார், வந்து இரண்டு வாரமாகவில்லை, அதற்குள் போதுமா? அந்தக் கோபம் ராத்திரி முழுக்கக் கொதித்தது. கோபம் வந்தால் எதிர்த்து நிற்க வேண்டும், வைக்கத்தான் போகிறேன் என்று சொல்ல வேண்டும். நான் செய்தது என்ன? இந்தாங்க, உங்க இஷ்டப்படியே ஆகட்டும் என்று வீசி எறிந்தேன். அத்தை முகத்தில் எறிவதாக நினைத்துக்கொண்டு என்னுடையதையே எறிந்தேன்.

கைக்குழந்தை கொட்டாவி விடுகிறது. இவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிகிறது. பின்னாலிருந்து அத்தை, அந்தப் பொடுசைப் பாருங்க, கொட்டாவிய என்கிறார், சிரித்துக்கொண்டே, யாரிடமென்று இல்லாமல். பிறகு, நாலு மாசம் இருக்குமா பூபதி அதுக்கு, அஞ்சு இருக்குமா, கழுத்து நல்லா நின்னுருச்சு, அப்ப சித்திரையில பொறந்திருக்கும். அத்தை நிறுத்தவில்லை. நானும் சித்திரைதான் சாமி, நல்ல அக்கினி நட்சத்திரத்துல பொறந்தேன், நான் பொறந்த வாரந்தான் எங்கய்யன் வெட்டுன கெணத்துல தண்ணி வந்துச்சாம், சாகுற வரைக்கும் சொல்லீட்டே இருந்தாரு, எம்புள்ள தண்ணியக் கூட்டிட்டு வந்துச்சுன்னு. குதிரை நடக்கிறது. வண்டியின் பின்னால் மாட்டிய ஆரஞ்சு எச்சரிக்கை முக்கோணம் ஆடுகிறது. நான் கேட்டது சரிதானா? சித்திரை. நானும் சித்திரைதான். கெணத்துல தண்ணி. கேட்காதே, இப்போது கேட்காதே, வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறாய் என்று ஒரு பக்கம், இன்னொரு பக்கம் வாய் தானாகத் திறந்துவிட்டது. ஏனுங்க அத்தை, சித்திரையில பொறந்தா ஆகாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? ஆறு வருஷத்தில் அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி. நானா, எப்பங்கண்ணு என்கிறார் அத்தை. டாக்டர் எனக்கு வைக்கறேன்னு சொன்னப்போ, ஆடி கழியட்டும்னு சொன்னீங்களே என்றேன். தட்டுகள் அலமாரிக்குள் ஒன்றையொன்று தட்டிக்கொண்டன. நான் எங்க அம்மிணி சொன்னேன்? உனக்குத்தான் ஆடியில இஷ்டமில்லைன்னு இவன் சொன்னான். படிச்ச புள்ள இதெல்லாம் பாக்குதான்னு எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. சரி, அவ ஒடம்பு, அவ இஷ்டம்னு நான் வாயத் தொறக்கல.

இவரைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை, ரோடு வளைகிறது. ஓரக்கண்ணில் இவர் முழங்கால் தெரிகிறது, அதன்மேல் கை, கையில் கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. ஏஞ்சாமி அப்படிச் சொன்னே என்கிறார் அத்தை. கோபமே இல்லாத குரல். இவர் என்னிடம் சொல்லவில்லை, அத்தையிடமும் சொல்லவில்லை, முன்னால் போகிற குதிரையிடம் சொல்வது போலச் சொன்னார். பயமா இருந்துச்சும்மா. சின்னு மாதிரி ஆயிருமோன்னு. சின்னு இவருடைய தம்பி. பிறந்ததிலிருந்து நடக்கவில்லை, பேசவில்லை, பத்தொன்பது வயது வரைக்கும் அத்தை இடுப்பிலும் தோளிலும் இருந்தான், எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலேயே போய்விட்டான். கோபி வீட்டில் மாலை போட்ட படம் இருக்கிறது, தலையை ஒரு பக்கம் சாய்த்து வாய் நிறையச் சிரிப்பான். இவர் அவனைப் பற்றிப் பேசியதே இல்லை, நானும் கேட்டதே இல்லை, வருத்தப்படுவார் என்று. இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்திருக்கிற மனிதனுக்கு எது பயம் என்று எனக்குத் தெரியவில்லையே. கொஞ்சம் தள்ளிப் போட்டா மனசு தைரியமாகும்னு நினைச்சேன், அதான் ஆடின்னு சொன்னேன் என்கிறார். பிறகு அத்தை கேட்டார், சின்னு மாதிரின்னா என்ன சாமி? அவ்வளவுதான். எனக்கு இவரை அடிக்க வேண்டும் போல இருந்தது, இவர் தலையை மடியில் போட்டுக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது, இரண்டுக்கும் கை காலியாக இல்லை.

அப்படியானால் வியாழக்கிழமை? நினைப்பு அங்கேதான் போய் முட்டுகிறது, முட்டிவிட்டுத் திரும்பி வந்து மறுபடி முட்டுகிறது. அம்மாவுக்கும் இஷ்டமில்ல, போதும்னு சொல்லிட்டாங்க. அத்தை போதும் என்று சொன்னாரா? யாரிடம்? எதைப் போதும் என்றார்? சோறு போதும் என்றதா? இத்தனை வருஷமாக அம்மா சொன்னாங்க, அம்மா சொன்னாங்க என்று இவர் கொண்டுவந்ததில் எது அம்மா சொன்னது, எது இவர் சொன்னது? பச்சைச் சேலை வேண்டாம் என்றது, என் அக்கா வீட்டில் தீபாவளிக்குப் போய்த் தங்க வேண்டாம் என்றது, தத்து எடுப்பதெல்லாம் நம்ம குடும்பத்துக்குச் சரிப்படாது என்றது. அதையெல்லாம் அத்தை சொன்னதாக நினைத்துத்தானே நான் ஒரு கிழவிக்கு ஆறு வருஷம் சிரிப்பைக் கூடக் கொடுக்காமல் காபி மட்டும் கொடுத்தேன்? அவரும் என்னைப் பற்றி என்னென்ன கேட்டிருப்பார், கோகிலா வேண்டாங்கறா, கோகிலாவுக்குப் பிடிக்காது என்று. தபால்காரர் தானே எழுதித் தானே கொடுத்திருக்கிறார், நாங்கள் இரண்டு பேரும் உறையைக் கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. ஏனுங்க, வியாழக்கிழமை சொன்னீங்களே, அது? என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இவருக்குக் கேட்டுவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சோளக்காடு ஓடுகிறது, ஓடவில்லை, நாங்கள் போகிற வேகத்துக்கு ஒவ்வொரு தட்டையாக வந்து நின்று போகிறது. இல்லை என்றாவது சொல்லுங்களேன், அம்மா சொன்னாங்க என்று இன்னொரு தடவை பொய்யாவது சொல்லுங்களேன்.

குதிரை வண்டிக்காரர் கையை வெளியே நீட்டுகிறார், வலது பக்கம் திரும்பப் போகிறார். மண் பாதை, அந்தப் பாதை ரோட்டைத் தொடுகிற இடத்தில் ஒரு மரப்பெட்டி அறை, ஓர் ஆள் நிற்கிற அளவு, கண்ணாடி ஜன்னல் வைத்தது. வீட்டுக்குள் ஃபோன் கூடாதாம் இவர்களுக்கு. அக்கம்பக்கத்தார் சேர்ந்து ரோட்டோரம் ஒன்று வைத்துக்கொள்கிறார்கள், அவசரத்துக்கு வந்து பேசிவிட்டுப் போவார்கள் என்று கேம்ப்பில் சொன்னார்கள். ரோடு இப்போது காலி, போகலாம், முந்தலாம், வீட்டுக்குப் போகலாம். நான் வண்டியை ஓரம் கட்டினேன். தட்டுகள் கும்பிட்டன. என்ன கோகிலா, என்ன ஆச்சு என்றார் இவர். நான் இறங்கிவிட்டேன். தாடிக்காரர் லகானைப் பிடித்தபடி பார்க்கிறார், பிள்ளைகளும் பார்க்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு ஒரு ஃபோன் பண்ண வேண்டும் என்றேன் இங்கிலீஷில். யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். அதற்கு என்ன சொல்வது? பதிலுக்கு நிற்காமல், கதவு திறந்துதான் இருக்கும், போய்ப் பேசுங்கள் என்றார். பெரியவள் கைக்குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். இவ்வளவு நேரம் பார்த்த முகம், பக்கத்தில் வந்ததும் பார்க்க முடியவில்லை, தலையைக் குனிந்துகொண்டு போனேன்.

உள்ளே மர வாசனை, செத்த ஈக்கள், சுவரில் பென்சிலால் கிறுக்கிய நம்பர்கள். மணி அடிக்கிறது, அடிக்கிறது, பிறகு பதிவு செய்த குரல். விடுமுறை, செவ்வாய்க்கிழமை காலை திறப்போம், செய்தி இருந்தால் சொல்லுங்கள். தெரிந்ததுதானே. ஆனால் நாளை கதவைத் திறந்ததும் முதலில் இதைத்தானே கேட்பார்கள், காபி ஊற்றிக்கொண்டு, பேனாவைத் தேடிக்கொண்டு, வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் இதைக் கேட்பார்கள். என் பெயர் சொன்னேன், பிறந்த தேதி சொன்னேன். வெள்ளிக்கிழமை நான் சொன்னது தப்பு என்றேன். தயவுசெய்து செய்யாதீர்கள் என்றேன், நிறுத்தி வையுங்கள், நாளை நான் நேரில் வருகிறேன், கதவு திறப்பதற்கு முன்னாலேயே வந்து நிற்கிறேன். பிறகு சொல்ல எதுவுமில்லை, ஆனால் வைக்க மனசில்லை. இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். இயந்திரத்திடம் கேட்டேன். மூச்சுச் சத்தம் கேட்டது, என்னுடையதுதான். பிறகு பீப் என்று ஒரு சத்தம், முடிந்துவிட்டது.

வெளியே வந்தால் குதிரை வண்டி பாதிப் பாதை போயிருந்தது. இவர் வண்டிக்குப் பக்கத்தில் இறங்கி நிற்கிறார், பக்கத்தில் வரத் தைரியமில்லாமல். அத்தை வந்துவிட்டார். அந்த உயரப் படியைத் தனியாக இறங்கி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சரளைக்கல்லில் ரப்பர் செருப்போடு என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார். மகனைத் திரும்பிப் பார்க்கவில்லை, மகனிடம் கேட்கவில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், கை சொரசொரப்பாக, சூடாக இருந்தது. யாருக்குக் கண்ணு ஃபோன் பண்ணுனே, ஏன் அழுவறே? ஆஸ்பத்திரிக்குங்க அத்தை. எதுக்கு? இவரிடம் சொல்லிச் சொல்லச் சொல்கிற பழக்கம், வாய் ஒரு நொடி இவரைத் தேடியது. பிறகு நானே சொன்னேன். அன்னைக்கு ரெண்டு எடுத்தாங்கத்தை. ஒண்ணுதான் வச்சாங்க. இன்னொண்ணைப் பத்திரமா எடுத்து வச்சிருந்தாங்க. இவர் அதையும் சொல்லவில்லை என்பது அத்தை முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. முகம் முதலில் புரியாமல் சுருங்கியது, பிறகு மெதுவாக விரிந்தது. அந்த வயதில் ஒரு முகம் அவ்வளவு பிரகாசமாகும் என்று நான் நினைத்ததே இல்லை. என் கையை இரண்டு கையாலும் பிடித்து, இன்னொண்ணு இருக்குதா அம்மிணி என்றார்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் இருந்துச்சுங்க அத்தை என்றேன்.